சூரியனுக்கு விட்ட லீவு

கீழ்பென்னாத்தூரிலிருந்து வரும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், ஒரே பாத்திரக்கடையின் சீருடைப் புடவையில். சன்னலோரம் இருந்தவள் ஆரம்பித்தாள்.

“ரோம் ராஜா ஒருத்தர் சூரியனைக் கும்பிடறவராம். சூரியனோட நாளுன்னு ஞாயித்துக்கிழமை ஊருக்கே லீவு விட்டாராம். ஹிஸ்டரி படிக்கிறாளே என் பொண்ணு, அவ சொன்னா.”

“அங்கல்லாம் ஏசு சாமிதானே?”

“அவரும் அப்புறம் ஏசுகிட்டதான் போனாராம். சாமிய மாத்தினாரு, லீவ மாத்தல.”

“அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிருக்க?”

“வர்ற ஞாயித்துக்கிழமை அவள பொண்ணு பாக்க வராங்க. பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், லீவு கெடையாதுன்றாரு முதலாளி.”

“தெனம் காலையில மொட்டைமாடியில சூரிய நமஸ்காரம் பண்றவராச்சே?”

“பண்றாரு. கல்லாவுல உக்காந்தா நிலாவத்தான் கும்பிடறாரு.”