அடுக்கின் அடியில் கிடந்த அசல் துணி

“கண்ணாடிய மாத்துன்னு எத்தினி வாட்டி சொன்னோம்க்கா! நீதான் வெட்டின!”

“இன்னாடி மார்கரெட்டு, நீங்க அடுக்கினதத்தான நான் வெட்டினேன்?”

“நாங்க அடுக்கறப்ப அது அங்க இல்லவே இல்ல!”

மாமல்லபுரம் தையற்கூடத்தின் கூரை அதிர நான்காண்டுக்கு முன் எழுந்த இந்தச் சண்டையைத் தாண்டிப் புகழ்மாலை சூட்ட எங்களுக்கு நா எழவில்லை.

கத்தரிக்கே கண் தந்த கைகாரியே! இருபது அடுக்குத் துணியை இம்மியும் பிசகாமல் நறுக்கிய நாயகியே! இருபத்தாறு ஆண்டுகள் ஒருநாளும் தாமதமாக வராமலும், தாமதமாக வந்த எங்களைச் சும்மா விடாமலும் பணிமுடித்து விடைபெறும் சம்சாத் பேகம் அக்காவே!

ஓட்டலில் தன்மேல் கைவைத்தவனைப் பற்றிப் புகார் சொன்ன பூங்கொடிக்கு வேலை போனபோது, நாற்பது பெண்கள் சாலையில் அமர்ந்தோம். வெள்ளைத் துணியில் சிவப்புச் சாயத்தால் உள்ளங்கைகளைப் பதித்தோம். பூங்கொடி நம்மோடு தைக்க வந்தார், உங்கள் எதிர்மேசைக்கு. அந்தக் கைகளை அச்சிட்டுத் தோள்பை, பணப்பை, தலைத்துணி என்று நாம் தைத்துத் தள்ள, சுற்றுலா வந்தவர்கள் அள்ளிப் போனார்கள். அந்த ஓட்டல்காரர் வீட்டம்மாவே ஒரு பையை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனதைக் கண்டோம். எங்கள் கண்ணுக்குத் தப்பியது ஊரில் ஏது?

கொரோனாவில் பூங்கொடி போனார். சுவரில் தொங்கிய அசல் துணியில், அவர் கைப்பதிவின்மேல் உங்கள் கையை ஒருகணம் வைத்த பிறகே தினமும் கத்தரியைத் தொட்டீர்கள். ஒரு திங்கட்கிழமை அந்தத் துணி அச்சுத் துணிகளோடு வெட்டுப்பட்டு, பைகளாகி, விற்றும் போனது. அதன்பின் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் பையைத் திறக்கச் சொல்லி, சாயம் உள்புறம் ஊறியிருக்கிறதா என்று தேடினீர்கள். அச்சில் ஊறாது, அசலில்தான் ஊறும். “இந்தம்மாவுக்குப் பைத்தியமா?” என்றவர்களோடு நாங்களும் சிரித்தோம். இன்றுவரை அது கிடைக்கவில்லை.

அக்கா, விரிப்பது எங்கள் வேலை, வெட்டுவது உங்கள் வேலை. துவைத்துக் காயவைத்த அசலை அச்சுத் துணியென்று எண்ணி அடியில் விரித்தவள் மார்கரெட். மறுநாளே எங்கள் அனைவருக்கும் தெரியும். ஊர்க்கதை அத்தனையும் உரக்கப் பேசும் நாங்கள், இதை மட்டும் பேசவில்லை. பழி முழுதும் உங்கள் கண்ணாடிமேல் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்கரெட் கேசவனை மணந்து படாளம் போய்விட்டாள். “நான்தான்னு எல்லார் முன்னாடியும் படிச்சிடுங்க, நேர்ல வர எனக்கு மூஞ்சி கீதா?” என்று நேற்று போனில் அழுதாள். பூங்கொடியின் கணவர் பன்னீர்செல்வம் மறுமணம் செய்துகொண்டு செங்கல்பட்டில் இருக்கிறார். நீங்கள் நாளை மகன் ஆகிப்புடன் கடப்பாக்கம் போகிறீர்கள். கண்ணொளி குன்றாமல், கால்வலி இல்லாமல், பேரப்பிள்ளைகளை எங்களைத் திட்டியதுபோலவே திட்டிக்கொண்டு நூறாண்டு வாழ்க!

இம்மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். சுவரில் மாட்டினாலும் சரி, எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாலும் சரி, அக்கா.

இப்படிக்கு,
துணி விரித்த கைகள்,
தையற்கூடம், மாமல்லபுரம்.