சுவரில் நிற்காத குழாய்

விளக்கை அணைத்தது யார்? சரி, கிடக்கட்டும்... இப்படியே சொல்கிறேன். சிரிக்கிறவன் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்.

இது என் மைத்துனனின் நண்பனுக்கு நடந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டெக்னீஷியன் அவன். நள்ளிரவு தாண்டிவிட்டது. ஈ காக்கை இல்லாத புறவழிச் சாலை... பைக்கை விரட்டிக்கொண்டு வருகிறான். அவன் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே கூடப் பிறந்த தங்கைக்கு அவசர ஆபரேஷன். தலைச்சன் பிள்ளை, வயிற்றுக்குள் துடிப்பு குறைந்துகொண்டே போகிறது.

தியேட்டரில் ஸ்பிரிட் நெடியோடு ஈர சிமென்ட் வாசனை. அன்று காலைதான் சுவரை உடைத்து வாயுக் குழாய்களை மாற்றியிருந்தார்கள். ஆக்சிஜன் டியூபின் முனை சுவரில் இருக்கிற ஆக்சிஜன் துளையில் மட்டும்தான் ஏறும். மயக்க வாயுத் துளையில் முட்டி மோதினாலும் ஏறாது. ஒன்றுக்கு ஒன்று மாறிவிடக் கூடாதென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு செருகலாம்.

செருகினான். டக். மாஸ்க்கைத் தங்கையின் முகத்தருகே கொண்டுபோனான்.

புஸ்ஸ்ஸ்... டியூப் கழன்று தரையில் கிடந்தது.

மறுபடி செருகினான். மாஸ்க்கை எடுத்தான். மறுபடி புஸ்ஸ்ஸ்.

"என்னய்யா விளையாடுறியா? பிள்ளை போயிடும்யா!" டாக்டர் கத்தினார்.

இந்தத் தடவை ஒரு கையால் டியூபை அழுத்திப் பிடித்துக்கொண்டான். புறங்கைமேல் ஏதோ... ஜில்லென்று. விரல்கள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தன. பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிசு அவனுக்கு. "சனியனே, நாசமாப் போ!" என்று டியூபை எட்டி உதைத்துவிட்டு, மூலையில் நின்ற ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினான். கொஞ்ச நேரத்தில் பிள்ளை வீறிட்டது. தாயும் பிழைத்தாள்.

விடிந்ததும் மெக்கானிக் வந்து சுவரைத் திறந்தான். உள்ளே இரண்டு குழாயும் இடம் மாறியிருந்தன. ஆக்சிஜன் துளையில் வந்ததெல்லாம் மயக்க வாயு. அதை மட்டும் மூச்சில் இழுத்தால் உடம்பு நீலம் பாய்ந்து செத்துப்போக வேண்டியதுதான். குழாய் மாற்றிய பிறகு, தங்கைக்கு முன்னால், அந்த அறையில் ஒருத்திக்குத்தான் ஆபரேஷன் நடந்திருந்தது. மதியம். இதயம் நின்றுவிட்டதென்று சொல்லி, உடலை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

தங்கையிடம் ஓடினான். அவள் பிள்ளையை அணைத்தபடி, மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, என் பக்கத்துல படுத்திருந்த அக்கா எங்க? நீ மாஸ்க் கொண்டு வர்றப்பல்லாம் என் வாயைப் பொத்திப் பொத்தி வச்சாங்களே... அவங்க நகமெல்லாம் ஏண்ணா அப்படி நீலமா இருந்துச்சு?"