லேடீஸ் பொட்டியில் ஒரு கிலோ வெல்லம்

ஆமா, வெல்லந்தான். ஒரு கிலோ. காயிதம் கிழிஞ்சி நீ பாத்துட்ட, இனிமே மறைச்சி இன்னா ஆவப்போவுது. ஒக்காரு ஸ்வீட்லின். நம்ம தெரு ஜெபக் கூட்டத்த நடத்துற அன்பியத் தலைவி நின்னுகினு வந்தா எனக்குத்தான் பாவம்.

திருவள்ளூருக்குத்தான். ஊரு சுத்திப் பாக்க. ஏன், இந்த லூர்தம்மா ஊரு சுத்தக்கூடாதா? எம்புள்ள ஆன்சனும் இதத்தான் கேட்டான். இந்த வயசுல ஒனக்கு இன்னாத்துக்கும்மா ஊரு, கொழந்தைய யாரு பாக்குறதுன்னு. அவங்கப்பா செத்து பதினேழு வருஷம் அவனுக்கு ஆக்கிப் போட்டேன். இப்ப அவன் புள்ளைக்குப் பால் காய்ச்சிக்கினு கீறேன். ஒரு நாளு நீயும் ஒம்பொண்டாட்டியும் லீவு போட்டுப் பாருங்கடான்னுட்டு கொரட்டூர்ல வண்டி ஏறிட்டேன்.

அங்க இன்னா கீதுன்னா கேக்குற? நல்லா கேட்ட போ. கோயிலச் சுத்தி பஜாரு, கிராமத்துலேர்ந்து வர்ற கீரை, பூவு, கடலை, இன்னா வேணாலும் கெடைக்கும். உள்ள பெருமாளு படுத்துகினு கீறாரு. எத்தினி பேரு வந்து நின்னாலும் எழுந்திரிக்க மாட்டாரு, எனக்கு அது ரொம்பப் புடிச்சிகீது. அப்பறம் அந்தப் பெரிய கொளம். அமாவாசைல அதுல வெல்லத்தக் கரைச்சா நோவும் கூடவே கரைஞ்சிடும்னு நம்பிக்கை.

இன்னிக்கு அமாவாசைதான். ஃபாதர்கிட்ட சொல்லணுமா? சொல்லிக்கோ. ஞாயித்துக்கெழம பூசைக்கு மொத வரிசைல நாந்தான் ஒக்காருவேன், அதையும் சொல்லு.

இரு, ஸ்டேசன் வந்துடுச்சி. எட்டிப் பாத்துட்டு வரேன்.

இன்னா, நெமிலிச்சேரில யாருக்குக் கையாட்டினேனா? காத்துக்கு. நீ கேளு.

நோவு எனக்கில்ல. பின்னாடி பிளாக்கு ஜானகிராமன் தெரியுமில்ல, ரிட்டேர்டு போஸ்ட் மாஸ்டரு, பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, ஒத்தையாளா கீறாரே. போன வருஷம் அவுருக்கு நெஞ்சுல ஆபரேசன். ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு நாந்தான் வேண்டிக்கினேன். அவுரு பெருமாளக் கும்புடுறவரு. அவுரு உசுர அவுரு சாமிகிட்டதான கேக்கணும்? அந்தோணியார்கிட்டயும் கேட்டேன், அது வேற. ரெண்டு பேரும் சேந்துதான் காப்பாத்தி வுட்டாங்க. அந்தோணியாருக்கு அன்னிக்கே மெழுவத்தி ஏத்திட்டேன். பெருமாளுக்குத்தான் பாக்கி.

அவுருக்கு நான் எதுக்கு வேண்டிக்கணுமா? வருவேன் வருவேன், அவசரப்படாத. மொதல்ல அந்தப் போன உள்ள வையி. ஆன்சனுக்கு நீ போட வேணாம். சாயங்காலம் ஊட்டுக்குப் போயி நானே சொல்லப்போறேன். அவன் கத்துவான், மருமவ அழுவா, சாவிய வெச்சிட்டுப் போன்னு கூட சொல்லுவான். சொல்லட்டும். அதுவரைக்கும் இந்த ஒரு நாளு என்னுது. அதுல மட்டும் கை வெக்காத.

புட்லூர் தாண்டிடுச்சா? அப்ப அடுத்தது நம்முதுதான். தள்ளிக்கோ, வாசலாண்ட போவணும்.

இன்னா சொல்லப்போறேனா? நேத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டாச்சி. நானும் அவுரும். முப்பது நாளு எங்க பேரு அங்க நோட்டீஸ்ல தொங்கிக்கினு இருந்துச்சி. நீ கூட பத்திரம் விசயமா ரெண்டு வாட்டி போய்ட்டு வந்த, ஒங்கண்ணுல படல.

காலைல சேந்துதான் வந்தோம். வண்டி வந்ததும் நாம்பாட்டுக்கு இதுல ஏறிட்டேன். பெரம்பூர் டெய்லர் கம்பெனிக்கு முப்பது வருஷம் லேடீஸ்லயே போய்ட்டு வந்த காலு, பழக்க தோஷம். அந்த மனுசன் பக்கத்துப் பொட்டில ஏறிட்டு ஒவ்வொரு ஸ்டேசன்லயும் எறங்கி எறங்கிப் பாக்குறாரு, நான் கீறனா, பயந்துகினு ஊட்டுக்குத் திரும்பிட்டனான்னு.

அந்தப் பைய எடு. திரும்பி வர்றப்ப ஜெனரல்ல அவுரு பக்கத்துலதான் ஒக்காந்து வருவேன். ஃபாதர்கிட்ட சொல்றப்ப அதையும் சேத்து சொல்லிடு.