தாலி கட்டினால்தான் பந்து

"தாலி கட்டாம நீ பந்து போட முடியாது, மச்சான்."

திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்த கிரிக்கெட் டீம் கேப்டன் சொன்னான். பக்கத்தில் பவுலர். கேப்டனின் தங்கையோடு நிச்சயம் ஆனவன்.

"நிச்சயம் பத்தாதா?"

"ஃபைனல்ல உள்ளூர்க்காரன் ஆடணும், இல்லன்னா ஊரு மாப்ள ஆடணும். கமிட்டி ரூலு."

"அப்ப தை மாசம் வரைக்கும் இன்னாத்துக்கு வெயிட் பண்ணிக்கினு? சனிக்கிழம கோயில்ல கட்டிர்றேன், ஞாயித்துக்கிழம ஆடறேன். உன் தங்கச்சிய கேளு."

கேப்டன் போனை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"வேணாம்ணா," என்றாள் தங்கை. "அவரு அவங்க ஊருக்கு ஆடனத பாத்தேன், அத்தினியும் வைடு. தையிலயே கட்டட்டும். அதுக்குள்ள ஸ்டம்ப பாத்து போட கத்துக்கட்டும்."