கை மூடினால் அம்பத்தூர்

"எம் பொண்ணு லேடீஸ் பெட்டில கீது அண்ணி. நான் இந்த ட்ரெயின்ல வர்றது அதுக்குத் தெரியாது."

சென்ட்ரல் போகும் காலை வண்டி பட்டாபிராமை விட்டுக் கிளம்பியதும், அங்கே ஏறி என் எதிரில் உட்கார்ந்த பெண் பக்கத்திலிருந்த தன் அண்ணியிடம் இப்படிச் சொன்னார். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"இன்னாடி சொல்ற? காது கேக்காத பொண்ண தனியா ஏத்தி உட்டியா?"

"ஸ்கூலுக்குத் தனியாத்தான் போவேன்னு ஒரே அடம். பன்னெண்டு வயசாச்சே. இன்னிக்கித்தான் மொத நாளு."

"மைக்குல ஸ்டேஷன் பேரு சொன்னா அதுக்குக் கேக்காது. கூட்டத்துல போர்டும் தெரியாது. எப்டி எறங்கும்?"

"ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு விரல மடக்கணும்னு சொல்லிக் குடுத்துகீறேன். அஞ்சும் மடங்கி கை மூடிக்கிச்சின்னா அம்பத்தூரு."

"நடுவுல சிக்னல்ல நின்னா?"

"பிளாட்பாரம் தெரிஞ்சாதான் மடக்கணும். நானும் அம்பத்தூர்ல எறங்கி, ஸ்கூல் கேட் வரைக்கும் பின்னாலயே போய்ட்டு வந்துடுவேன். அது கண்ணுல மட்டும் படக்கூடாது."

அடுத்த ஸ்டேஷன் வந்ததும் அண்ணியும் இடது கையில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டார். ஆவடி தாண்டுவதற்குள் பேச்சு அவர் மகளின் வளைகாப்புக்குப் போய்விட்டது. வளையல், புடவை, சமையல்காரர் என்று நீண்டுகொண்டே போனது.

வண்டி நின்றிருந்தது. ஜன்னல் கம்பியை யாரோ படபடவென்று தட்டினார்கள். வெளியே, பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.

"ஐயோ, அம்பத்தூரா!" அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

சிறுமி மூடிய கையை இன்னும் இறக்கவில்லை.