கபீர் தம்பி திறக்காத மஞ்சள் பை

மேடையில் வீற்றிருக்கும் வலங்கைமான் வட்டார வாடகைக் கார் உரிமையாளர் சங்கத் தலைவர் நாகேஸ்வரன் அவர்களே! இந்தக் கூட்டத்துக்குப் பந்தலும் நாற்காலியும் காபியும் உபயம் செய்திருக்கும் அவருடைய மருமகன், ஸ்பேர் பார்ட்ஸ் கடை சூர்யபிரகாஷ் அவர்களே! ஸ்டியரிங் பிடித்தே உள்ளங்கை காய்த்துப்போன டிரைவர் தம்பிமார்களே! கணவர் இறந்ததற்கான இத்தா காலம் முடியாமல் வீட்டை விட்டு வர இயலாத தாய்க்காக முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் கபீரின் மகள் பர்வீன் கண்ணு! உங்கள் எல்லோருக்கும் பிரகதாம்பாளின் வணக்கம்.

துணைத் தலைவி என்ற முறையில் என்னை ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மேடைப் பேச்சு வராது. அதனால் மூன்று நாளாக உட்கார்ந்து என் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதலாக ஆகும். நடுவில் யாரும் துண்டுச்சீட்டு அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் நான் பிரிக்க மாட்டேன்.

உள்ளே நுழைந்ததுமே எனக்குக் குமட்டியது ஐயா. சொல்லிவிடுகிறேன். வாசலில் பத்தடி உயரத்துக்கு பிளெக்ஸ். அதில் கபீர் தம்பி சிரிக்கிறார். அவர் தலைக்கு மேலே கடைப் பேர், காலுக்குக் கீழே கடையின் போன் நம்பர், நடுவில் "கபீர் பாய் வழியில் என்றும் ஒரிஜினல்". இங்கே மேடையில் அவர் படத்துக்கு ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு. அந்த வீட்டில் படத்துக்கு மாலை போடுகிற வழக்கம் உண்டா, இல்லையா என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? முப்பது வருஷம் அவர் பட்டறையில் டீ குடித்திருக்கிறோமே, இதுகூடவா தெரியாது நமக்கு!

எனக்கு முன்னால் பேசிய நான்கு பேரும் அவரை "ஜப்பான் டாக்டர்" என்றார்கள். சரிதான். யார் இல்லை என்றது? டொயோட்டா வண்டி என்றால் இந்த வட்டாரத்தில் கபீர்தான். எங்கள் வீட்டுக்காரர் நடராசன் மூன்று மா நிலத்தை விற்று செகண்ட் ஹேண்டில் ஒரு குவாலிஸ் வாங்கினார். என் நாத்தனார் வாசலிலேயே நின்று கத்தினாள்: "நெல்லு விளையற மண்ணைக் குடுத்துட்டு எவனோ ஓட்டித் தேய்ச்ச தகரத்தை வாங்கிட்டு வந்திருக்கானே, நீயாவது ரெண்டு போடக் கூடாதா அண்ணி?" எனக்கும் பயம்தான். அப்போது கபீர் தம்பிதான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தார்.

"அக்கா, பயப்படாதீங்க. இது உங்களுக்கு அப்புறமும் ஓடும்."

"ஏந்தம்பி, எனக்கு அப்புறம்னா எனக்கு எவ்வளவு நாள் குடுத்திருக்கே?" என்று கேட்டேன்.

"அதுக்கு மெக்கானிக் வேற அக்கா!" என்று சிரித்தார்.

அந்த ஒரு குவாலிஸில் ஆரம்பித்து இன்று மூன்று இன்னோவா ஓடுகிறது பிரகதாம்பாள் டிராவல்ஸில். என் பேத்தி கவிப்ரியா இன்ஜினியருக்குப் படித்தாளே, அந்தப் படிப்பு அந்த வண்டிகள் போட்டது. அந்த வண்டிகள் ஓடியது கபீர் கையால். இதை நான் எந்த மேடையிலும் சொல்வேன்.

டொயோட்டாவின் கதையை அவர் சொல்லிக் கேட்காதவர் இங்கே உண்டா? திருபுவனத்துப் பட்டுத் தறிக்காரர் யாராவது வண்டி விட வந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். "உங்காளு கம்பெனிதாங்க இது!" என்பார். ஜப்பானில் ஒரு தச்சர் மகன் தறி செய்தாராம். ஓடுகிற தறியில் ஒரே ஒரு நூல் அறுந்தால்கூட, யாரும் தொடாமல் தறி தானாகவே நின்றுவிடுமாம். ஏன் நிற்க வேண்டும்? நிற்காவிட்டால் அறுந்த நூலோடேயே முழுத் துணியும் நெய்து முடிந்துவிடும். அந்த மனிதரின் மகன்தான் பின்னால் கார் செய்தார். அந்தத் தொழிற்சாலையில் கடைசித் தொழிலாளிகூடக் குறையைக் கண்டால் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாமாம். கபீர் இதைச் சொல்லும்போது ஏதோ தன் பாட்டன் செய்தது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

ஒரு நாள் நான் வம்புக்கு இழுத்தேன். "அப்படிப்பட்ட கம்பெனி லட்சக்கணக்கான வண்டியை ஏன் தம்பி திருப்பிக் கூப்பிட்டான்? பேப்பர்ல போட்டிருந்தானே!"

அவருக்குக் கோபம் வரவில்லை. "தப்பு வந்துச்சு அக்கா. முதலாளியே அமெரிக்காவுக்குப் போயி எல்லாருக்கும் முன்னாடி மன்னிப்புக் கேட்டான். அதையும் சேர்த்துத்தான் நான் அவன் வண்டியை நம்பறேன்" என்றார்.

கேட்டீர்களா? மன்னிப்பையும் சேர்த்து நம்பிய மனிதர்! அவருக்குத்தான் நாம் என்ன செய்தோம் என்று இப்போது சொல்லப்போகிறேன்.

அவர் வேலையில் இரண்டு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி வண்டிக்காரன் கையில் கொடுத்துவிடுவார், "எதை எடுத்தேன்னு நீங்க பார்க்கணும்" என்று. புதுச் சாமான் வந்த கம்பெனிப் பெட்டியை நம் கண் முன்னாலேயே பிளேடால் நாலாகக் கிழித்துப் போடுவார். முதல் வழக்கம் நமக்குப் பிடித்தது. இரண்டாவது பிடிக்கவில்லை. ஏன்? வண்டியை விற்கும்போது பெட்டிகளை அடுக்கிக் காட்டினால், "எல்லாம் கம்பெனிச் சாமான் போட்டது" என்று வாங்குகிறவன் மயங்குவான். சங்கத்தில் அத்தனை பேரும் அவரோடு சண்டை போட்டோம். முதலில் சண்டை போட்டவள் நான். "சிவப்பும் வெள்ளையுமா எவ்வளவு லட்சணமா இருக்கு, அதைப் போயி கொத்து பரோட்டா போடறியே, குடு இப்படி!" என்று பிடுங்கிக்கொண்டு போவேன். "வேணாம் அக்கா, பெட்டி முழுசா வெளியே போகக் கூடாது" என்று கெஞ்சுவார். கேட்டேனா? வீட்டில் அலமாரி நிறைய அடுக்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும் சாமான் மாற்றிய நாளைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, பக்கத்தில் என் பேரையும் எழுதி வைப்பேன்.

பிறகு பழைய அட்டை எடுக்கிற ஒரு ஆள் டிவிஎஸ்ஸில் வர ஆரம்பித்தான். "அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் ஆச்சி. கம்பெனிப் பெட்டி கிழியாம இருந்தா இன்னொரு குடம்" என்றான். வெறும் பெட்டிக்கு எதற்கடா தனிக் குடம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பச்சைக் குடம் ஒன்று, நீலக் குடம் ஒன்று வாங்கிக்கொண்டேன். இங்கே உட்கார்ந்திருக்கிற எத்தனை பேர் வீட்டில் அந்தக் குடம் இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

போன ஐப்பசியில் நம் தலைவரின் இன்னோவாவுக்கு பிரேக் பிடிக்கவில்லை. குடமுருட்டிப் பாலத்து இறக்கத்தில், நிச்சயதார்த்தத்துக்குப் போன எட்டுப் பேரோடு, நட்ட வயலுக்குள் போய்க் கவிழ்ந்தது. அந்த எட்டுப் பேரில் திருவிடைமருதூர் ஈஸ்வரி என்ற பெண்ணுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நடவு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். சேற்றில் இறங்கிப் பிழைத்தவளுக்குக் கால் இல்லை!

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கப் பேச்சு: "கபீர் ஷெட்டு வண்டியாம்ல." ஆமாம், ஒரு மாதம் முன்னால் அந்த வண்டியின் பிரேக்கைப் பார்த்தவர் அவர்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் நெஞ்சு வலியால் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளில், இதோ நம் சூர்யபிரகாஷ் கடை வாசலில் வைத்து பிரேக் பேடு மாற்றினார்கள். போலிச் சாமான், ஒரிஜினல் பெட்டியில். மாற்றும்போது பக்கத்தில் நின்றவன் டிரைவர் செம்மொழி. பின்வரிசையில் இருக்கிறான். தலையைக் குனியாதே செம்மொழி. நீ கபீரிடம் மட்டுமாவது உண்மையைச் சொன்னாய். இங்கே அதுகூடச் சொல்லாதவர்கள் மேடையில் இருக்கிறோம்.

கபீர் போய் அந்த நசுங்கிய வண்டியின் டிக்கியிலிருந்து காலிப் பெட்டியை எடுத்தார். சங்கக் கூட்டத்துக்கு ஒரு மஞ்சள் பையோடு வந்தார். ஆஸ்பத்திரியில் ஊசி குத்திய கை வீங்கியிருந்தது. "இது போலிங்க. பழைய பெட்டியை வாங்கி உள்ளே குப்பையை வச்சு விக்கறாங்க. நம்ம எல்லா வண்டியையும் நிறுத்திக் கழட்டிப் பார்க்கணும்" என்றார்.

தலைவர் கேட்டார்: "பழைய பெட்டின்னு எப்படிச் சொல்றே? ஆதாரம் வச்சிருக்கியா?"

சூர்யபிரகாஷ் சொன்னது இது: "பாய்க்கு வயசாச்சு. கை நடுங்குது. தப்பை எங்க தலையில கட்டப் பார்க்கறார்."

பத்துப் பேர் சிரித்தார்கள். கபீர் என்னைப் பார்த்தார். மடியில் பை. அதன் மேல் கை. என்னையே பார்த்தார். பிறகு, "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. பையிலிருந்த பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். அதில் "ஆடி 18, பிரகதாம்பாள்" என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

"பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கீங்க. நான் சொன்னா உங்க பேர் கெடும். நீங்களா ஒரு நாள் சொல்லுங்க அக்கா" என்றார். அவ்வளவுதான்.

சொன்னேனா? சொல்லவில்லை ஐயா! எட்டு மாதம் அந்தப் பெட்டியை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்றேன். முடிந்தது. அறுவடை போகட்டும் என்றேன். போனது. அவர் பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றது. என் வண்டியைக்கூட, நாலு பேர் பார்ப்பார்களே என்று, கும்பகோணத்துக்கு அனுப்பினேன். இதைச் சொல்லும்போது என் வாயே எனக்கு நாறுகிறது. நான் வண்டி அனுப்பாத அந்த மாதங்களில்தான் அவர் நெஞ்சு வலிக்கு மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார் என்று பர்வீன் சொல்லி இப்போதுதான் தெரிந்தது. இருபது நாளைக்கு முன்னால் அவர் போய்விட்டார். இனிமேல் நான் சொன்னால் என்ன, அவர் காதில் விழுமா?

இப்போது இந்தக் கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்கிறேன். "சூர்யபிரகாஷ் அவர்கள் கும்பகோணத்தில் திறக்கவிருக்கும் புதிய கடைக்குக் கபீர் ஆட்டோ ஸ்பேர்ஸ் எனப் பெயர் சூட்டுவதைச் சங்கம் மனதார வரவேற்கிறது. முன்மொழிபவர் நாகேஸ்வரன். வழிமொழிபவர் பிரகதாம்பாள்." என்னைக் கேட்காமலே அச்சடித்துவிட்டார்கள்! ஏன் கேட்க வேண்டும்? எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இன்றைக்கா திறக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

உயிரோடு இருந்தபோது அந்த மனிதரின் கையைக் கேலி செய்தீர்கள். செத்த பிறகு அவர் முகம் வேண்டுமா உங்களுக்கு? அவர் பெட்டியை நாலாகக் கிழித்தாரே, அவரையே பெட்டியாக்கிவிட்டீர்களே! உள்ளே எந்தக் குப்பையை வைத்து விற்கப்போகிறீர்கள்? சூர்யபிரகாஷ், உன்னைப் பிள்ளையாகத் தூக்கியவள் நான். உன் முகத்தைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருக்கிறது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நான் இன்றோடு நிறுத்துகிறேன். நீ?

நாகேஸ்வரன் தம்பி, மைக்கை அணைக்கச் சொல்லி ஜாடை காட்டாதீங்க. அணைத்தாலும் எனக்குத் தொண்டை இருக்கு. முப்பது வருஷம் வயல்காட்டில் ஆள் கூப்பிட்ட தொண்டை.

தீர்மானத்தில் என் பேரை அடித்துவிட்டேன். இதோ, பேனாவால் இரண்டு கோடு. அந்தப் பிளெக்ஸை இறக்குங்கள். மாலையை எடுத்துவிட்டுப் பர்வீன் மனசுப்படி செய்யுங்கள். கபீர் தம்பியின் பட்டறையை அவர் மகள் நடத்துவாள். டிப்ளமோ படித்தவள், அப்பாவிடமே வேலை பழகியவள். என் மூன்று வண்டிகளும் நாளை முதல் அங்கேதான் போகும். அவள் மொத்தமாகக் கழற்றிப் பார்த்துச் சரி என்று சொல்கிற வரை ஒரு சவாரிக்கும் போகாது. புரட்டாசிக்குப் பதிவு செய்த கோயில் யாத்திரை போனால் போகட்டும். அவர் நம்மிடம் கேட்ட ஒரே காரியம் அதுதான், வண்டியை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். எட்டு மாதம் கழித்தாவது செய்கிறேன் தம்பி.

அடுத்தது, போலீஸ் ஸ்டேஷனில் என் கையெழுத்துள்ள அந்தப் பெட்டியை இன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டுதான் இங்கே வந்தேன். அதனால் இனிமேல் யாரும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம்.

நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. எல்லோரும் எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். உட்காருங்கள்! எட்டு மாதம் மௌனமாக இருந்தாயிற்று. இன்னும் இரண்டு நிமிஷம் எதற்கு?

நாளைக் காலை ஆறரை மணி பஸ்ஸில் நான் திருவிடைமருதூர் போகிறேன். ஈஸ்வரி வீட்டு வாசலில் நின்று, நடந்தது இது, கபீர் மேல் குற்றமில்லை, எங்கள் மேல்தான் என்று சொல்லப்போகிறேன். அவள் துடைப்பத்தை எடுத்தாலும் நிற்பேன்.

என்னோடு அந்த வாசலுக்கு வருகிறவர்கள் மட்டும் இப்போது எழுந்திருங்கள்.