அப்பாவின் வயிற்று வலி

மைசூரில், ஹெப்பாள் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். அம்மா திடீரென்று சொன்னார்:

"மாப்பிள்ளை வீட்ல கேட்டா கம்ப்யூட்டர் வேலைன்னு சொல்லிடு. அந்த வியாதி பேர மட்டும் எடுக்காத."

"கேன்சர்னு சொன்னா ஒட்டிக்குமாம்மா? அது எந்தத் தண்ணியால, எந்தப் புகையால வருதுன்னு ஆராயறதுதான் என் வேலை."

"மெல்லப் பேசு. நம்ம வீட்லயே இருக்குன்னு நினைப்பாங்க."

"இருந்துச்சே. அப்பா எதுல போனாரு?"

"வயித்து வலி."

"நான் போற வீட்ல எல்லாம் இதையேதான் சொல்றாங்க. ஒரே தெருவுல இத்தனை பேர் வயித்து வலியிலயா சாவாங்க? பொண்ணுக்குக் கல்யாணம் ஆகாதுன்னு எல்லாரும் மறைச்சா, அந்தத் தெருத் தண்ணியில என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா நிரூபிக்கறது?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது.

"மாப்பிள்ளை வீட்லேர்ந்தா? ஆமா, பொண்ணோட அம்மாதான் பேசறேன். கேன்சர் ஏன் வருதுன்னு ஆராய்ச்சி பண்றா. ஆமாங்க, எங்க வீட்டுக்காரர் அதுலதான் போனாரு."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் குரலைக் குறைக்கவில்லை.

"உங்க வீட்ல யாருக்காச்சும் இருந்திருந்தா வயித்து வலின்னு சொல்லாதீங்க. என் பொண்ணு வந்து எழுதிக்குவா."